கவச வண்டியை பஸ் என்று எழுதினேன்

எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துத் திரிந்த காலம் ஒன்று உண்டு. அது குவைத்தில் ஒரு வியாழக்கிழமையோடு முடிந்தது.

ஊரில் நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் படிவம் நிரப்பியவன் (புரோக்கர் என்றும் சொல்வார்கள்). இரண்டாயிரங்களின் நடுவில், குவைத்தின் மங்காஃபில் தங்கி, போர்முனையிலிருந்து திரும்பும் ராணுவ வண்டிகளைக் கழுவிக் கப்பலுக்கு அனுப்பும் யார்டில் வேலை பார்த்தேன். நாலு வரி ஆங்கிலம் எழுதுவேன் என்பதால், வண்டிகளை வகைபிரித்து எழுதும் வேலையை ஃபோர்மேன் எனக்குக் கொடுத்தார். வகையைப் பார்த்துத்தான் ஆள் போடுவார்கள். சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிக்கு ஆறு பேர், சக்கர வண்டிக்கு ஒருவர்.

அன்று காலை ஒரு கவச வண்டி வந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே இருபுறமும் பெஞ்சு. ஆள் ஏறினால் பயணிகள் வாகனம், சாமான் ஏறினால் சரக்கு வாகனம், இதுதானே ஆர்.டி.ஓ. சட்டம்? அடியில் கிடந்த பட்டையை மதிக்காமல், ‘பஸ்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பஸ்ஸுக்கு ஒரே ஆள். அது என் ரூமில் இருந்த அரியலூர் முருகேசன் அண்ணன். மாலை ஏழு மணிக்கு அவருக்கு ஃபிளைட். சனிக்கிழமை காலை தங்கை கல்யாணம். அப்பா இல்லாத பெண்ணைத் தாரை வார்க்க வேண்டியவர் அவர்தான்.

பட்டையின் இடுக்கில் ஒரு சிட்டிகை மண் இருந்தாலும் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். வண்டி பாஸானால்தான், கழுவியவர் யார்டை விட்டு வெளியேற கேட் பாஸ் கைக்கு வரும். மூன்று முறை திருப்பி அனுப்பினார். பதினோரு மணிக்கே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் எழுத்து வேலை போய்விடும், மறுபடி பிரஷ் பிடிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் கூசுகிறது.

நாலு மணிக்குத்தான் ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் என்னையும் சேர்த்து ஐந்து பேரை அனுப்பினார். பாஸ் கிடைத்தபோது மணி ஏழரை. அடுத்த சீட் சனி இரவுதான்.

“விடு தம்பி, சித்தப்பா பாத்துக்குவாரு” என்றார் அண்ணன். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பல வருடம் கழித்து அரியலூருக்குப் போனேன். தங்கை காபியோடு கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்து வைத்தது. தாரை வார்க்கும் படத்தில் சித்தப்பா நின்றார். அண்ணன் எழுந்து வெளியே போனார்.

“பஸ்ஸுன்னு எழுதுனது நீங்கதானா?” என்று கேட்டது தங்கை. “அம்மாம் பெரிய பஸ்ஸுல எங்கண்ணனையும் ஏத்தி அனுப்பியிருக்கலாம்ல?”

வீடே சிரித்தது. இப்போதும் நான் போகும்போதெல்லாம் தங்கை இதையே கேட்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் வாசல் பக்கம் அண்ணனைத் தேடுகிறேன்.