பேஸ் கசியாத பொந்து

ஒரு காட்டில், முட்டையிட இன்னும் ஆறே நாள் இருக்கும்போது, ஒரு பெண் இருவாச்சிப் பறவை பொந்துக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

அவள் பெயர் பூங்கோதை. சொன்னது புருஷன் துரைக்கண்ணுவிடம். துரைக்கண்ணு வாயைப் பிளந்ததில் அலகில் இருந்த அத்திப்பழம் கீழே விழுந்துவிட்டது.

இருவாச்சி வீட்டு வழக்கம் இதுதான். முட்டைக் காலம் வந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய் உட்கார வேண்டும். ஆண் மண் சுமந்து வந்து கொடுப்பான். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு, வாசல் முழுக்க மண்ணால் அடைத்துவிடுவார்கள். நாலு மாதம். உள்ளே அவள், வெளியே அவன். அவன் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டுவான். இதைப் பார்த்து மற்ற பிராணிகள் எல்லாம் "என்ன ஒரு பாசம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அப்படித் துடைத்தவர்களில் ஒருவர்கூட உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை.

"போன வருஷம் உள்ள என்ன வச்சுட்டுப் போன?" என்றாள் பூங்கோதை.

"ரேடியோ."

"அதுல என்ன வந்துச்சு?"

"பாட்டு வந்துச்சு."

"உர விளம்பரம் வந்துச்சு. நாலு மாசமும் அது ஒண்ணுதான் வந்துச்சு. நீ காலையில போனா சாயங்காலம் வந்து, பழமரத்துல ஒரே கூட்டம், லேட் ஆயிருச்சுன்னு சொல்லுவ. நான் உர விளம்பரம் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். நம்ம குஞ்சு பொறந்து முதல் வார்த்தை என்ன பேசுச்சு?"

துரைக்கண்ணு கிளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யூரியா."

"அம்மான்னு சொல்லல. யூரியான்னு சொல்லுச்சு. இந்தத் தடவை நல்ல ஸ்டீரியோ செட் வேணும். பொந்துல அடங்கணும், கேக்க நல்லா இருக்கணும். இல்லைன்னா முட்டையை அந்தப் பாறை மேல போட்டுட்டு என் பாட்டுக்குப் போயிருவேன். உடும்பு வந்து ஆம்லெட் போட்டுக்கட்டும்."

பூங்கோதை சொன்னால் செய்கிறவள். துரைக்கண்ணுவுக்கு அந்தப் பாறையும் தெரியும், அந்த உடும்பையும் தெரியும். உடனே பொந்தின் அகலத்தை அலகால் அளந்தான். ஒன்றரை அலகு. உயரம் இரண்டு அலகு. அளவை மறந்துவிடாமல் இருக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பறந்தான்.

காட்டின் தெற்கு முனையில் சிங்காரம் என்ற கருமந்தி எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தது. கடை வாசலில் வரிசை. வரிசையின் தலையில் ஓர் ஆமை, டார்ச் லைட் பேட்டரிக்காக பொங்கலிலிருந்து நின்றுகொண்டிருந்தது. அது துரைக்கண்ணுவை நிறுத்தி, "தம்பி, ஓடை சலசலக்குது, மூங்கில் ஊதுது. இந்தக் காடே ஒரு சங்கீதம். காசு கொடுத்து எதுக்கு வாங்குற?" என்று கேட்டது.

வேறு கதையாக இருந்தால் துரைக்கண்ணு இங்கேயே மனம் திருந்தி வீட்டுக்குத் திரும்பியிருப்பான். ஆனால் ஆமையின் ஓட்டுக்குள்ளிருந்து ஒரு இயர்போன் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டான்.

"வாங்கண்ணா," என்றது சிங்காரம். "உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு." காட்டியது ஓர் ஆள் உயரப் பெட்டி. முன்பக்கம் முழுக்க விளக்கு, பளிச் பளிச்சென்று. "பத்தாயிரம் வாட்ஸ். அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க. மயில் வீட்டுல ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க."

"பொந்து ஒன்றரை அலகுதாங்க இருக்கு."

"பொந்தை மாத்துங்கண்ணா."

"சின்னதா வேணும்."

"சின்னதுல ஏழு கலர் லைட் இருக்கு," என்று சிங்காரம் ஒரு டப்பாவை எடுத்து அமுக்கியது. தகரக் குவளைக்குள் நூறு குளவியைப் போட்டு மூடினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. லைட் நன்றாகத்தான் எரிந்தது.

"அதை அணைச்சுத் தொலை. எனக்குப் பல்லு கூசுது," என்று மேலிருந்து ஒரு குரல்.

கூரையில் ஒரு வௌவால் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் வரதன். பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் ஒரே இடம் சிங்காரத்தின் டெமோ ரூம் என்பதால் வரதன் அங்கேயே குடியிருந்தது. தூங்க விடாமல் எல்லாரும் பாட்டுப் போட்டுப் போட்டு, காட்டிலேயே சத்தத்தைப் பற்றி அதிகம் தெரிந்த பிராணி ஆகிவிட்டது.

"வாட்ஸ் எழுதியிருக்கிற அட்டையைத் தூக்கிப் போடு," என்றது வரதன். "அட்டை பாடாது. உனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு சொல்லு."

"எங்க கல்யாணத்துல வாசிச்ச நாதஸ்வரம் தவில் இருக்கு. பென் டிரைவ்ல வச்சிருக்கேன்."

"அதைப் போடு. சத்தத்தைக் குறைச்சு வை. இன்னும் குறை. சத்தமா வச்சா எல்லாக் கழுதையும் நல்லாத்தான் பாடும். குறைச்சு வச்சும் எல்லாம் கேட்டா, அதுதான் செட்டு. தவில்ல ரெண்டு பக்கமும் தனித்தனியாக் கேக்குதா?"

"தொம் தொம்னு ஒண்ணாக் கேக்குது."

"அப்ப அது தவில் இல்ல, யாரோ தண்ணித் தொட்டியைத் தட்டுறான். அடுத்தது."

முதல் நாள் மூன்று செட் கேட்டான். இரண்டாம் நாள் ஐந்து. வீட்டுக்கு வந்தால் பூங்கோதை கேட்பாள், "கிடைச்சுதா?" அவன் சொல்வான், "ஒண்ணு இருக்கு. ஆனா நாதஸ்வரம் மூக்கால பாடுது." மூன்றாம் நாள் சாப்பிடக்கூட இல்லை. விடிந்ததும் குயில் கூவியது. "மேல் சுருதி பரவாயில்ல, கீழ ஒண்ணுமே இல்ல," என்றான். யானை பிளிறியது. "பேஸ் இருக்கு, கீழ அதிருது, கட்டுப்பாடு இல்ல." பூங்கோதை அவனை ஒரு மாதிரி பார்த்தாள். யாருக்காக வாங்குகிறோம் என்பது அவனுக்கு நாலாம் நாள் காலையில் மறந்தது. சாயங்காலம், வயிறு கனத்துக் கிளையில் சாய்ந்திருந்த அவளைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் மறுபடி மறந்துவிட்டது.

ஐந்தாம் நாள், பதினான்காவது செட். மரப்பெட்டியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர், நடுவில் ஒரு பெட்டி. விளக்கே இல்லை. பார்க்க எலிப்பொறி மாதிரி இருந்தது. பாட்டைப் போட்டதும் இடதுபக்கம் நாதஸ்வரம் எழுந்தது, வலதுபக்கம் தவில். தவில்காரர் விரலில் மாட்டியிருந்த கூடு தோலில் டக் டக்கென்று படுவது கேட்டது. வாசிக்கிறதுக்கு முன்னால் நாதஸ்வரக்காரர் மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது. பின்னால் யாரோ பந்தியில், "பாயசம் இந்தப் பக்கம் வரலியே," என்றார்.

"எங்க மாமா," என்றான் துரைக்கண்ணு. அவன் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமாக் கேக்குறேன். மாமா இருக்காருன்னே தெரியாது."

"எடுத்துக்க," என்றது வரதன். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. பாதிப் பாட்டை ஸ்பீக்கர் பாடும், மீதியை ரூம் பாடும். கேக்குறவன் ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவுல உக்காரணும், அசையக் கூடாது. அப்புறம் உன் பொந்து வாசல் பெருசா இருந்தா பேஸ் எல்லாம் வெளிய கசிஞ்சிரும். அடைச்சிரு."

"அதெல்லாம் எங்க வழக்கம்தாண்ணே."

சிங்காரம் காரண்டி கார்டை நீட்டியது. அதில் 'பயனாளர் பெயர்' என்று ஒரு கட்டம். துரைக்கண்ணு யோசிக்கவே இல்லை, தன் பெயரைப் போட்டான். அவன் அப்பா, தாத்தா எல்லாரும் எந்தப் படிவம் வந்தாலும் அப்படித்தான் போட்டார்கள். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. அதை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் அது பொடி எழுத்தில் இருந்தது.

ஆறாம் நாள் காலை செட்டைப் பொந்துக்குள் இறக்கினான். சரியாக அடங்கியது. பூங்கோதை கார்டைக் காலில் பிடித்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்து, முழுக்கப் படித்தாள். அவன் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற சூரியத் தகட்டை வெயிலில் கட்ட ஒயரோடு மர உச்சிக்குப் போனான். நேரம் ஆனது. இறங்கி வந்தபோது அவள் பொந்துக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் களைப்பாக இருந்தாள்.

"உள்ள சருகு போட்டு வச்சிருக்கேன்," என்றாள். "நீ போய் செட் பண்ணு. நான் பண்ணா உனக்குப் பிடிக்காது."

உண்மைதான். அவன் உள்ளே போனான். ஸ்பீக்கர்களை அரை அலகு அந்தப் பக்கம், கால் அலகு இந்தப் பக்கம் நகர்த்தினான். நடுவில் மெத்தென்று சருகு. அதன்மேல் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். நாதஸ்வரம் வந்தது. தவில் வந்தது, ஆனால் ஒல்லியாக வந்தது.

"கோதை, வரதண்ணே சொன்னது சரிதான். வாசல் வழியாப் பேஸ் கசியுது. கொஞ்சம் மண்ணு அப்பு."

"எவ்வளவு?"

"ஒரு கை அளவு போதும்."

அவள் ஓடைக்கரைக்குப் போய் மண் கொண்டுவந்து அப்பினாள். இத்தனை வருஷம் மண் சுமந்தது அவன். இன்றைக்கு அவள் சுமந்தாள், ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம்."

அப்பினாள்.

"இடதுபக்கம் கசியுது பாரு."

அப்பினாள்.

"கீழ. இன்னும் கீழ. ஆங், அங்கதான். கோதை, மாமா இப்ப என் பக்கத்துலயே உக்காந்து பாயசம் கேக்குறாரு."

"இன்னும் வேணுமா?"

"நீ பாட்டுக்கு அப்பிட்டே இரு. நான் சொல்றப்ப நிறுத்து."

அவன் சொல்லவே இல்லை. மல்லாரி முடிந்து, ஆலாபனை முடிந்து, தனி ஆவர்த்தனம் வந்தது. தவில் அவன் நெஞ்செலும்பில் வாசித்தது. வெளியே சித்திரை வெயில் அடித்தது. கடைசி அடி விழுந்து பாட்டு நின்றபோது பொந்துக்குள் கும்மிருட்டு. அலகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு கீறலில் வெளிச்சம் வந்தது.

அவன் அதில் அலகை நீட்டினான். "கோதை, வாசல் எங்க?"

"நீ கேட்ட மாதிரியே அடைச்சாச்சு."

"மண்ணு காஞ்சிருச்சே."

"வெயில் அப்படி."

துரைக்கண்ணு கொஞ்சம் நெளிந்து பார்த்தான். பிறகு, "எனக்கு அடியில உருண்டையா, சூடா என்னமோ இருக்கு," என்றான்.

"முட்டை. நீ ஒயரைக் கட்ட மேல போனியே, அப்பப் போட்டேன். அசையாத."

"இங்க நீதான்டி உக்காரணும். நான் வெளிய. அதான வழக்கம்."

"நான் தயாராத்தான் இருந்தேன். மண்ணு கேட்டது யாரு?" பூங்கோதை காரண்டி கார்டைக் கீறலுக்கு எதிரே பிடித்தாள். "பொடி எழுத்தைப் படி."

"பயனாளர் தவிர வேறு ஒருவர் கருவியைப் பயன்படுத்தினால் காரண்டி செல்லாது," என்று துரைக்கண்ணு மெதுவாகப் படித்தான்.

"பயனாளர் யாரு?"

அவன் அடைத்த வாசலைப் பார்த்தான். இருவாச்சி அலகு லேசுப்பட்டது இல்லை. நாலு கொத்து கொத்தினால் மண்சுவர் விழுந்துவிடும். அவனுக்கும் அது தெரியும். பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஓங்கி ஒரு கொத்து கொத்தினான். கட்டைவிரல் அளவு ஒரு துண்டு பெயர்ந்து வெளியே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. தவில் ஒல்லியாக வந்தது.

இரண்டாவது கொத்துக்கு ஓங்கிய அலகு அப்படியே நின்றது. வெளியே பூங்கோதை காத்திருந்தாள். இங்கேதான் எல்லாம் தீர்மானமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"கோதை," என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

"என்ன?"

"ஒரு துண்டு விழுந்திருச்சு. அதை எடுத்து அப்பிடு. கசியுது."

அவள் எடுத்து அப்பினாள். நன்றாக அழுத்தியே அப்பினாள். பிறகு சிறகை விரித்து மலையைத் தாண்டி, ஐந்து வருஷமாகப் பார்க்க நினைத்த அருவியைப் பார்க்கப் போனாள். சாயங்காலம் வந்து கீறல் வழியாக ஓர் அத்திப்பழத்தை நீட்டினாள்.

"லேட் ஆயிருச்சா?" என்றாள். "பழமரத்துல ஒரே கூட்டம்."

"உஷ்," என்றான் துரைக்கண்ணு. "மாமா பேசுறாரு."

நாலு மாதம் கழித்து குஞ்சு பொரிந்து வளர்ந்து மண்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பூங்கோதை ஆசையோடு குனிந்து, "சொல்லுடா கண்ணு," என்றாள். குஞ்சு காட்டைச் சுற்றிப் பார்த்தது. ஓடையைக் கேட்டது, மூங்கிலைக் கேட்டது, தூரத்தில் யானை பிளிறியதையும் கேட்டது.

"பேஸ் ஜாஸ்தி," என்றது. பின்னாலேயே துரைக்கண்ணு தலையை நீட்டி, உடைந்த வாசலைப் பார்த்து அழுதான்.

நீதி: ஒருவரை உள்ளே அடைக்க வேண்டுமானால் பூட்டுக்குச் செலவு செய்யாதே. நல்ல ஸ்பீக்கராக வாங்கி உள்ளே வை. மண் எங்கே அப்ப வேண்டும் என்று அவரே கை காட்டுவார்.