வலம் மட்டும் வரும் வண்டி

ஒரு வண்டிக்கு நான்கு சக்கரங்கள் போதும் என்று முன்னோர் தெளிவாகவே முடிவு செய்து வைத்தனர். அவை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டனர். அந்த ஒரு குறையால்தான் சென்ற ஆனி மாதம் தென்காசியில் இவ்வளவும் நடந்தது.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலாளராக இருப்பவர் சந்தோஷ்குமார். வீடு தென்காசியில். அவரிடம் ஒரு சின்னக் கார் உண்டு. ஐந்து வருடமாக அது அவரை வீட்டிலிருந்து லாட்ஜுக்கும், லாட்ஜிலிருந்து வீட்டுக்கும் ஒரு முனகலும் இல்லாமல் சுமந்துவந்தது. பிறர் சொல்லும் வரை அதற்குக் குறை உண்டு என்று அவருக்குத் தெரியாது.

மனைவி காளீஸ்வரி தலைப்பிரசவத்துக்குச் சுரண்டையில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. பெயர் சூட்டும் நாளன்று சகலை ரவியும் வந்திருந்தார். அவருடையதும் அதே சின்னக் கார்தான்; ஆனால் சக்கரங்கள் உலக்கையை எடுத்துவிட்டு உரலை வைத்ததுபோல் அகன்று பளபளத்தன. தொட்டிலைப் பார்க்க வந்த உறவினர் அனைவரும் முதலில் டயரைப் பார்த்தார்கள். சிலர் தொட்டில் வரை வரவேயில்லை.

மாமியார் குருவம்மாள் மருமகனுக்கு இலை போட்டுக்கொண்டே சொன்னாள்: "தப்பா நெனைக்காதிய மாப்ள. ஒங்க காரப் பாத்தா, வெள்ளிக்கொலுசு போட வேண்டிய காலுல கறுப்புக்கயிறு கெட்டுன மாதிரி இருக்கு."

சந்தோஷ்குமாருக்கு அன்றைய பாயசம் இறங்கவில்லை.

தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை. ஒன்றரை மணிக்கு ராகு காலம். அதற்குள் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தாக வேண்டும். சாரல் விழும் காலத்தில் லாட்ஜ் மேலாளருக்கு விடுப்பு என்பது பெறற்கரிய பேறு. முதலாளி அந்த ஒரு நாளைத்தான் கொடுத்தார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவர் முஃபீதின் டயர் கடையில் நின்றார். முஃபீத் துபாயில் பதினோரு ஆண்டுகள் சக்கரம் மாட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

"ஒங்க வண்டிக்கு வந்தது பதிமூணு இஞ்சு, அண்ணாச்சி. நான் பதினேழு தாரேன். அகலமும் அதுக்குத் தக்கன."

"உரசாதா?"

"உரசத்தான் செய்யும். அங்கனயெல்லாம் உரசாத டயர சின்ன டயருன்னுதான் சொல்லுவாவ."

மாட்டி முடித்து, முஃபீத் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். வலப்பக்கம் நன்றாக ஒடிந்தது. இடப்பக்கம் ஒரு விரற்கடை திரும்பியதும் டயர் மட்கார்டின் உள்ளே போய்க் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"இடப்பக்கம் வரலியே," என்றார் சந்தோஷ்குமார்.

"எதுக்கு வரணும்? மூணு தடவ வலப்பக்கம் திரும்புங்க, இடப்பக்கம் வந்துரும். கணக்கு ஒண்ணுதான்."

கணக்கு சரியாகவே இருந்தது. ஆதலால் சந்தோஷ்குமார் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

புதுச் சக்கரம் மாட்டினால் கோயில் முன்பு எலுமிச்சம்பழம் நசுக்கி, ஒரு முறை வலம் வந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பது இந்த ஊர் வழக்கம். சந்தோஷ்குமார் நேர்வழியாக வந்து கிழக்கு ரத வீதியில் நுழைந்தார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம். வலம் தொடங்கினார். இறைவன் வலப்பக்கம், திருப்பங்கள் வலப்பக்கம். வண்டி அருள்பெற்ற அடியாரைப்போல் ஒழுகிச் சென்றது. தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி முடித்தபோதுதான் ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அந்த நான்கு வீதிகளிலிருந்து வெளியேறும் வழிகள் எல்லாம் இடப்பக்கம்தான் இருக்கின்றன.

மூன்று முறை வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் வரும் என்ற கணக்கும் இங்கே உதவவில்லை. வலப்பக்கம் திரும்பினால் கோயில் மதில்தான் வரும்.

இரண்டாம் சுற்றில் போக்குவரத்துக் காவலரிடம் முறையிட்டார்.

"பின்னால எடுத்துத் திருப்பிக்கிடலாமா சார்?"

"ஒருவழிப் பாதைல பின்னால எடுத்தா கேசு."

"அப்ப ஓரமா நிப்பாட்டுதேன்."

"பந்தல் வேல நடக்கு. நின்னா பூட்டுப் போட்டுருவோம். போயிக்கிட்டே இருங்க."

சந்தோஷ்குமார் போய்க்கொண்டே இருந்தார்.

ஏழாம் சுற்றில் பூக்காரி வடிவாம்பாள் பக்கத்துக் கடைக்காரரிடம், "ஏதோ பெரிய நேர்த்திக்கடன் போலுக்கு," என்றாள். ஒன்பதாம் சுற்றில் ஒரு முழம் பிச்சிப்பூவை வண்டியின்மேல் எறிந்தாள். பன்னிரண்டாம் சுற்றில் பின்னால் மூன்று கார்கள் பக்தியுடன் தொடர்ந்தன. அவை இடப்பக்கம் திரும்பக்கூடிய கார்கள்தாம். ஆனாலும் திரும்பவில்லை. முன்னால் ஒருவர் போகும்போது நாம் மட்டும் ஏன் திரும்புவது என்ற நல்லெண்ணமே காரணம்.

பதினோரு மணிக்குக் காளீஸ்வரி அழைத்தாள்.

"எங்கன இருக்கிய?"

"கோயில் பக்கம்."

"ஒம்பது மணிக்கும் அதத்தான் சொன்னிய."

"இப்பவும் அங்கனதான் இருக்கேன்."

"பிள்ளைக்குப் புதுச்சட்ட போட்டு மூணு மணி நேரமாச்சு. அம்ம வேற வாசல்ல நின்னு ஒவ்வொரு காரா டயரப் பாத்துக்கிட்டிருக்கா. எப்ப வருவிய?"

"வந்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றார் சந்தோஷ்குமார். அதில் பொய் இல்லை.

இந்நிலையில்தான் அரசு விழித்துக்கொண்டது. சக்கர அகல நிர்ணய அலுவலகம் என்றொரு அலுவலகம் ஊரில் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அதன் உதவி அலுவலர் லோகநாயகி கோப்புடன் வந்து, ஊர்ந்துகொண்டிருந்த வண்டியின் முன்கதவைத் திறந்து ஏறி அமர்ந்தார்.

"சக்கரத்த மாத்தியிருக்கீங்க. அனுமதி வாங்குனீங்களா?"

"இல்ல மேடம். பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டிருதேன். முஃபீத்த வரச் சொல்லட்டுமா?"

"பரிசோதிக்காத சக்கரத்தக் கழற்றினா, அது சாட்சியத்த அழிக்கிற குற்றம். முதல்ல வண்டிய ஆபீசுக்குக் கொண்டு வாங்க."

"ஆபீசு எங்கன இருக்கு?"

"வடக்கு ரத வீதில, அந்தா அந்தச் சந்துல. இடப்பக்கம்."

இருவரும் அந்தச் சந்து முக்கைக் கடந்தார்கள். அடுத்த சுற்றிலும் கடந்தார்கள். மூன்றாம் முறை கடக்கும்போது லோகநாயகி அதைத் திரும்பிப் பார்த்தார். காலையில் மேசைமேல் வைத்துவிட்டு வந்த டிபன் டப்பா அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். ஆயினும் கடமை தவறாத அலுவலராதலால், மடியில் கோப்பை விரித்து அங்கேயே ஆணை எழுதினார்:

'மேற்படி வாகனம் இடப்புறம் திரும்பும் வல்லமை அற்றது எனத் தன் ஒழுக்கத்தால் ஐயமற மெய்ப்பித்துள்ளபடியாலும், வலப்புறம் திரும்புவதில் யாதொரு குறைபாடும் காணப்படாமையாலும், இது வலம் மட்டும் வரும் வாகனம் என வகைப்படுத்தப்படுகிறது. இனி இவ்வாகனம் எக்காரணம் கொண்டும் இடப்புறம் திரும்பலாகாது.'

"அப்ப நாளைக்கு நான் சின்ன டயர மாட்டுனா?"

"மாட்டிக்கோங்க. ஆனா இடப்பக்கம் திரும்பக் கூடாது. ஆணையில டயரப் பத்தி ஒண்ணுமே இல்லையே."

கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அச்சான்றிதழை முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஊரில் எவரிடமும் இல்லாத சான்றிதழ் அது. பன்னிரண்டு மணிக்குள் அதன் படம் எல்லார் கைப்பேசிக்கும் போயிற்று. முஃபீதின் கடை முன் வரிசை நின்றது. அச்சன்புதூரிலிருந்து ஒருவர் டிராக்டரைக் கொண்டுவந்து, இதற்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்கிற மாதிரி ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்டார். ஒரு மணிக்கு நான்கு ரத வீதிகளிலும் அகன்ற சக்கரங்கள் இடைவெளியின்றி ஊர்ந்தன. இடப்பக்கம் எவரும் திரும்பாததைக் கணக்கெடுத்த லோகநாயகியின் அலுவலகம், பொதுமக்கள் விருப்பத்தை மதித்து, அத்தனை முக்கிலும் 'இடப்பக்கம் திரும்பாதே' என்று பலகை நட்டது.

ஒன்று பத்துக்குச் சுரண்டை பஸ்ஸில் வந்து இறங்கினாள் காளீஸ்வரி. தோளில் குழந்தை, பின்னால் ஆரத்தித் தட்டும் கையுமாகக் குருவம்மாள். பொறுமை என்பது பஸ் நேரம் தெரியாதவர்களுக்குத்தான். மேற்கு ரத வீதியில், தங்கள் வீட்டுச் சந்து முக்கில், ஊர்ந்து வந்த தன் கணவரின் கண்ணாடியை அவள் தட்டினாள்.

"எறங்குங்க. வீடு இந்தா இருக்கு. நூறடி நடந்தா வாசல்."

"வண்டி?"

"வண்டி கெடக்கு. ராகு காலம் வருது."

பலகைக்குக் காவலாக நின்றவர் குறுக்கே வந்தார். "அம்மா, இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. ஆணை."

"பிள்ளைக்குப் பால் குடுக்கணும். வழிய விடும்," என்றாள் காளீஸ்வரி. இடப்பக்கம் திரும்பினாள். நடந்தாள்.

வானம் இடிந்து விழவில்லை. வீதி முழுவதும் வண்டிகளில் இருந்தவர்கள் தலையை நீட்டி அதைப் பார்த்தார்கள். இப்படியும் போகலாமோ என்று ஓர் ஐயம் ஒரு கணம் எல்லார் முகத்திலும் தோன்றியது.

சந்தோஷ்குமாரும் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். வைத்த கையோடு பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஒரு சின்னக் கார் ஹாரன் அடித்தது. சகலை ரவி. சக்கரங்கள் புதியவை, தம்முடையவற்றைவிட ஓர் அங்குலமாவது அகலம் இருக்கும். அதை மாமியாரும் பார்த்துவிட்டாள். ஆரத்தித் தட்டைப் பிடித்தபடியே அவள் நின்று, குனிந்து, இரண்டு டயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளின் பின்னால் சந்துக்குள் போனாள்.

கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, அவர் கைப்பேசியை எடுத்தார்.

"முஃபீத், பதினெட்டு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. ஆனா அத மாட்டுனா வலப்பக்கமும் திரும்பாது."

"பரவால்ல. எடுத்து வையும்."

"வைக்கேன். ஆனா கொஞ்சம் பொறுக்கணும். முன்னால நாப்பது பேரு நிக்காவ. இப்ப லோகநாயகி மேடத்து ஜீப்புக்கு மாட்டிக்கிட்டிருக்கேன்."

சந்துக்குள் ஆரத்தி முடிந்து தண்ணீரை வாசலில் ஊற்றும் ஓசை கேட்டது. மணி ஒன்று இருபத்தைந்து. சந்தோஷ்குமார் இடப்பக்கக் கண்ணாடியை இறக்கி வீட்டு வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த சுற்றில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை நகர்த்தினார்.