நொதியம் மௌத்தான விபரம்

கல்முனைக்குடி
20.06.2009

அன்பு மகள் ஸப்னாவுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். உன் படிப்பையும் உடம்பையும் அல்லாஹ் காப்பாற்றுவானாக. நாங்களும் நலம் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் பொய் எழுத உடம்பில் தெம்பில்லை.

லீவில் வந்த நீ, கம்பஸுக்கு எடுக்கவேண்டிய பார்சலுக்கு வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். நீ போய் மூன்றாம் நாள் அது வந்தது. பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஐஸ், ஐஸுக்குள் சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி. பக்கத்து வீட்டு மக்கீன் மாஸ்டர்தான் இங்கிலீஷை வாசித்தார்: “மனிசன், தோல், ஆராய்ச்சிக்கு மட்டும்.” நடுவில் கிடந்த நீளமான சொல்லை, “அது கம்பனிப் பேரா இரிக்கும்” என்று தாண்டிவிட்டார். குப்பியைப் பிரிட்ஜில் வைத்தேன், அன்றோடு உன் உம்மா பிரிட்ஜைத் தொடவில்லை. அதற்குள் கிடந்த சூரை மீன் பூனைக்குப் போனது, எனக்குப் பருப்பு.

அதோடு விட்டாயா? போனில் உம்மாவிடம், “கவனம் உம்மா, கரண்ட் போனா அது செத்திரும்” என்றாய். நேற்று வெள்ளிக்கிழமை, காலையில் போன கரண்ட் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் வரவில்லை. உம்மா குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மௌத்தாப் போய்த்து. இனி அடக்காம வெச்சிரிக்கிற பாவம்” என்றாள்.

“றாஹிலா, தண்ணி மாதிரி ஒண்டு. இதுக்கென்ன மௌத்து?”

“மனிசன்ட தோல்தானே? ஆரு பெத்த புள்ளையோ!”

பள்ளிவாசலுக்கு, முகைதீன்பாவா லெப்பையிடம் ஓடினேன். உடம்புத் துண்டென்றால் அடக்குவதுதான் முறை, சுனாமிக்குப் பிறகு எத்தனையை அப்படி அடக்கினோம், வீட்டு வளவுக்குள்ளேயே அடக்குங்க என்றார். கபன் துணிக்கு, முகம் துடைக்கிற என் வெள்ளை லேஞ்சி போனது. துஆ ஓத வந்தவர், “ஆணா, பொம்புளயா?” என்று கேட்டார். மக்கீன் மாஸ்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எழுதல்ல” என்றார்.

அடக்கிக் கை கழுவ, உன் போன் வருகிறது. குப்பி எங்கே என்றாய், பத்திரமாக இருக்கிறது என்றேன். பொய்யில்லை. கரண்ட் போனதையும் சொன்னேன். ஆருடைய தோல் மகள் என்று கேட்டேன். ஆருடையதும் இல்லை, மனிதத் தோலில் உள்ள நொதியத்தைக் கிருமியைக் கொண்டு செய்விக்கிறார்கள் என்றாய். கிருமி செய்ததற்கு மனிசன்ட பேரை ஏன் ஒட்டுகிறான், நாசமாப் போனவன்! அது வராவிட்டால் ஆறு மாதப் படிப்பு வீண், ஒரு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் பாதி பிழைத்திருக்கும், உடனே அனுப்புங்க என்றாய். சரி மகள் என்று போனை வைத்துவிட்டேன்.

கவலைப்படாதே. நாளை சுபஹ் தொழுததும் தோண்டி எடுத்து, ஐஸ் போட்டு, இந்தக் கடிதத்தோடு கண்டி பஸ்ஸில் விடுகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் கல்வியில் பரக்கத் உண்டாகட்டும். உம்மாவின் ஸலாமும்.

இப்படிக்கு,
களைத்துப்போன வாப்பா
சரீப்

பி.கு.: கடிதம் மட்டும்தான் வருகிறது மகள். விடிய மண்வெட்டியோடு போனேன். உம்மா எனக்கு முந்தியே அங்கே உட்கார்ந்து யாசீன் ஓதுகிறாள். தலைமாட்டில், கபுறுக்கு அடையாளம் வைக்கிற மீஸான் கட்டையும் நட்டிருக்கிறாள். “அது ஆருடையதும் இல்லையாம், ஸப்னா சொல்றா” என்றேன். “ஆருடையதும் இல்லாட்டி நம்மட ஜுனைட்டுக்கு இரிக்கட்டுமே” என்றாள். சுனாமியில் மையித்தும் கிடைக்காமல் போன உன் தம்பிக்கு, இந்த நாலரை வருடமாக ஒரு கபுறு இல்லைதானே. மண்வெட்டியை வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் பேராசிரியரிடம் வேறு குப்பி கேட்டுப் பார்.