கறிவேப்பிலைக் கன்றும் ஏரியல் அண்ணையும்

ஏரியல் அண்ணையிடம் பொய் சொல்லித் தப்பிய மனிதப்பிறவி மொன்றியலில் கிடையாது. நான் தப்பிவிட்டதாக ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. தக்காளி விலை கேட்டவர்களுக்கெல்லாம் நீர்மூழ்கிக் கதை சொல்லுவார். உலகப்போரில் அத்திலாந்திக்கில் ஒளிந்து திரிந்த எதிரி நீர்மூழ்கி, தன் ஆட்களுக்கு வானொலியில் அரை நிமிடம் செய்தி அனுப்பினால் போதுமாம். கரையில் ஒரு நிலையம் வானொலி அலையைப் பிடிக்கும் ஏரியலைத் திருப்பித் திருப்பி, சத்தம் வரும் திசையைப் பிடித்து வரைபடத்தில் கோடு போடும். வேறொரு ஊரிலிருந்து இன்னொரு நிலையம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் நீர்மூழ்கி. அண்ணை கதையில் இவ்விடத்துக்கு வருவதற்குள் தக்காளி விலை கேட்டவர் அடுத்த கடையில் நிற்பார்.

இதை அவருக்குச் சொன்னவர் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் ஒரு கிழவர். அவருடைய தாய் போர்க்காலத்தில் அப்படியொரு நிலையத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்தவராம். இருவரும் நேரில் கண்டதில்லை. ஞாயிறு மதியங்களில், அனுப்பவும் கேட்கவும் கூடிய வானொலியில் தந்திக்குறி தட்டியே சிநேகிதமானவர்கள்.

போன மாரிக் குளிரில் அண்ணையின் வானொலி இரையத் தொடங்கியது. நண்பரின் சத்தம் அதற்குள் அமுங்கிவிட்டது. மரச்சட்டத்தில் கம்பி சுற்றிய ஏரியலை, கட்டில்கால் சுமப்பவர் போலத் தோளில் வைத்தபடி வீடு வீடாக வந்தார். கட்டடத்தில் யாரோ வாங்கிய மின்சாரச் சாமான்தான் வானொலியில் இரைகிறது என்று சொல்லி, நான் புதிதாக ஏதும் வாங்கினேனா என்று கேட்டார்.

வாங்கியிருந்தேன். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு மலிவு விளக்கு. முந்திய இரண்டு மாரியிலும் வெயிலில்லாமல் கன்று பட்டுப்போயிருந்தது.

"இல்லை அண்ணை" என்றேன். குசினிக் கதவிடுக்கால் கசிந்த அந்த விளக்கின் ஊதா வெளிச்சத்தில் என் முகம் கத்தரிக்காய் மாதிரி இருந்திருக்கும்.

அவர் விடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று ஒரு கோடு, வீதிக்கு அந்தப் பக்கம் தெப்பனேர் என்கிற மூலைக்கடை வாசலில் பனிக்குள் நின்று மற்றக் கோடு. பிறகு கட்டடத்தின் படத்தை வாசலில் விரித்தார். சனம் கூடிவிட்டது. அண்ணை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கணக்குப் பிழைத்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். அதில் உரத்த சிரிப்பு என்னுடையது.

ஒரு மாதம் கழித்து அண்ணையை மாடிப்படியில் கண்டேன். நண்பரிடமிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார். முதியோர் இல்லத்துக்குப் போகிறாராம், அங்கே வானொலியில் அனுப்ப விடமாட்டார்களாம். பிரியாவிடை சொல்ல நண்பர் நாலு ஞாயிறு கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்; இரைச்சலில் அண்ணைக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி விளக்கைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய் அவர் முன்னால் வைத்தேன்.

"தெரியும் பிள்ளை. கோடு ரெண்டும் உன்ர குசினியிலதான் வெட்டினது."

"பேந்து ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"அவ்வளவு சனம் நிக்கேக்க எப்பிடிச் சொல்லுறது? நீயா வந்து நிப்பாட்டுவாய் எண்டு பாத்தன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இல்லத்தில் நண்பருக்கு ஒரு சின்ன வானொலி இருக்கிறது. கேட்கலாம், பதில் அனுப்ப முடியாது. ஆகையால் ஞாயிறுதோறும் அண்ணை தனியாகத் தட்டுகிறார். நான் பக்கத்தில் சத்தமில்லாமல் இருக்கிறேன்.

முடிந்ததும், "கேட்டிருப்பார் என்ன?" என்பார்.

"ஓம் அண்ணை, கேட்டிருப்பார்."