கதவில் ஒட்டிய கண்காணிப்புத் திட்டம்

தொண்டு நிறுவனம் ஒன்றில் அவருக்கு மதிப்பீட்டு வேலை. அடுத்தவர் போட்ட திட்டம் உருப்பட்டதா என்று போய்ப் பார்த்துக் குறை எழுதுவார். மனிதர் நல்லவர்தான். ஆனால் குறை எழுதாத நாளில் அவருக்குச் சோறு செரிக்காது.

பத்து நாள் மகள் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று மனைவி ஆறு மாதமாகக் கேட்கிறாள். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, சரி என்று சொல்ல மனசு இல்லை. யோசித்து யோசித்து, ஒரு ஞாயிறு காலை சமையலறைக் கதவில் பாய் அகலத்துக்கு ஓர் அட்டவணையை ஒட்டினார்.

"என்னங்க இது?"

"வீட்டு நிர்வாகத்துக்குக் கண்காணிப்புத் திட்டம். காபி ஆறரைக்கு. சட்டையில பித்தான் நூறு சதவீதம். மூணு மாசம் அளந்து பார்ப்போம். அப்புறம் உன் பயணத்தைப் பத்தி முடிவெடுக்கலாம்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கட்டம் கட்டமாகப் படித்தாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு. அந்தப் பணிவைப் பார்த்தே மனிதர் பயந்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை, பாவம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வீடு ஓடுறது என்னாலதான்னு இதுல எப்படித் தெரியும்?"

"பின்னே யாரால ஓடும்?"

"அன்னிக்குக் கோழி வளர்ப்புத் திட்டக்காரரைப் போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே. 'திட்டம் இல்லாத ஊரையும் போய்ப் பார்த்தியா? ஒப்பிடாம என்னய்யா மதிப்பீடு'ன்னு. தெருவுக்கே கேட்டுச்சு."

அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. கட்டினவள் தன் தொழிலைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாளே!

"சபாஷ்! ஒப்பீடு இல்லேன்னா மதிப்பீடே இல்லை."

"அப்போ நான் இல்லாம இந்த வீடு எப்படி ஓடுதுன்னு முதல்ல அளக்கணும், இல்லீங்களா?"

"கட்டாயம் அளக்கணும்!"

வாய் முந்திக்கொண்டது. புத்தி மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள், அட்டவணையின் அடியில் அவள் எழுதிவிட்டாள்: 'முதல் பத்து நாள், மனைவி இல்லாமல்.' பேனாவையும் நீட்டினாள். ஊருக்கெல்லாம் சொன்ன சட்டத்தை வீட்டில் விழுங்க முடியுமா? கையெழுத்துப் போட்டார்.

"அப்போ சாப்பாடு?"

"அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்குங்க."

வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. உள்ளே போனவள் கட்டி வைத்த பெட்டியோடு வெளியே வந்தாள்.

"அடிப்பாவி! காரை எப்போ சொல்லி வெச்சே?"

"நேத்து கோடு போட ஸ்கேல் எங்கேன்னு தேடினீங்களே, அப்பவேங்க."