வாழையடியில் முந்நூறு கோடி ஆண்டு

முந்நூறு கோடி ஆண்டு வயதான ஒரு பருக்கை, வவுனியாவில் நான் உடைத்தெடுத்த கல்லுக்குள் இருந்ததா, நீர்வேலியில் எங்கள் வீட்டு வாழையடியில் கிடந்ததா? எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் படித்தது பாறைகளைப் பற்றி. ('கல்லுப் படிச்ச பிள்ளை' என்று சொல்லித்தான் கலியாணம் பேசினார்கள்.) சிர்க்கன் என்றொரு கனிமம், கடுகைவிடச் சின்னது. அதற்குள் இருக்கும் துளி யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். சுற்றியிருந்த பாறை உருக்குலைந்து வேறொன்றானாலும், மணலாய்த் தேய்ந்தாலும் பருக்கை தன் வயதை விடாது. மிகப் பழையது ஒன்று அகப்பட்டால், அந்த வயதில் ஒரு கண்டம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

அப்போது மகளுக்கு எட்டு மாதம். திங்கட்கிழமை என் பேராசிரியர் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் பொதி அனுப்புகிறார். தவறவிட்டால் என் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். இடித்த கல்தூள் வீட்டில் இருந்தது. அதில் பாரமான மணிகளைப் பிரிக்க ஏற்ற தட்டுத்தான் இல்லை. கணவரின் அம்மா, எங்கள் மாமியின் அரிக்கன் சட்டி இருந்தது. (அரிசி அரிக்கும் சட்டி. உட்புறம் வரிவரியாக இருக்கும். நீர்விட்டு ஆட்டினால் அரிசி வெளியே போகும், கல் வரியில் தங்கும். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

கிணற்றடியில் இரண்டு மணித்தியாலம் அரித்தேன். அடியில் ஒரு தேக்கரண்டியளவு தங்கியது. மகள் அழுதாள், ஓடினேன். திரும்பி வந்தபோது சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"மாமி, இதுக்குள்ளை இருந்தது எங்கை?"

"அடியிலை கல்லுக் கிடந்தது பிள்ளை. கழுவி வாழையடியிலை ஊத்திட்டன்."

"ஐயோ, அது கல்லில்லை மாமி."

"பின்னை என்ன?"

யோசித்தேன். "கல்லுத்தான்."

"அதைத்தானே நானும் சொன்னனான்."

வாழையடி மண்ணை ஒரு வாளி தோண்டினோம். மாமியே அரித்தார், என்னைவிடத் திறமையாக. அதில் தங்கியதோடு பொதி நேரத்துக்குப் போனது. பேராசிரியருக்கு நடந்ததை எழுதினேன், அழித்தேன். சின்ன விசயத்துக்கு அவரை ஏன் கலங்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். (கலங்கியது நான்தான்.)

மூன்று மாதத்துக்கு முன் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, மற்றதெல்லாம் ஐம்பது, அறுபது கோடி. ஒண்டு மட்டும் முந்நூறு கோடி. பழைய கண்டமே அகப்பட்டிட்டுது."

செய்தி கேட்ட மாமிக்கு மகிழ்ச்சி. "நல்ல மண் அது. வீடு கட்டேக்கை மிஞ்சின ஆத்து மணலையும் அந்த வாழைக்குத்தான் போட்டனான்."

"எந்த ஆத்து மணல், மாமி?"

"அதை லொறிக்காரனைத்தான் கேக்கோணும்."

இப்போது அந்த வாழை குலை தள்ளிப் பழுத்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் சீப்பை நீட்டி, "முந்நூறு கோடி வருசத்துப் பழம், பல்லுக் கவனம்" என்கிறார். மாமி சிரிக்கிறார். மகளும் ஏனென்று தெரியாமலே சிரிக்கிறாள்.

பேராசிரியரோ அந்தப் பருக்கையைப் பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். அது வெளிவருமுன் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பட்டம் பிந்தினால் பிந்தட்டும். ஆனால் "மதிப்புக்குரிய சேர், எங்கள் மாமி" என்பதற்கு அப்பால் என் கடிதம் நகரவில்லை. அடுத்த சொல் என்னவென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். மாமி மனம் நோகாததாக இருக்க வேண்டும், அவரும் இதை வாசிப்பார்.