கை படாத கார்

“பழைய கார் சேகரிக்கிற அந்த வின்ஸ்லோ சனிக்கிழமை வர்றாராம். காரை விக்கணும்னு நீ விளம்பரத்துல போட்ட படத்தைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணினார்,” என்றாள் லோரீன். “ஆனா ஒண்ணு. யார் கையும் படாத கார்தான் வேணுமாம். துரு, தூசி, கிழிசல், எல்லாம் இருந்தபடியே இருக்கணுமாம்.”

அவள் கணவர் ஹார்லன் ஷெட்டை எட்டிப் பார்த்தார். அவருடைய 1959 கேடிலாக் காரில் அவர் கை படாத இடமே கிடையாது. வால் துடுப்பில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அப்படி இழைத்து வைத்திருந்தார்.

“பளபளன்னு இருந்தாத்தானே முந்தி கண்காட்சியில பரிசே குடுத்தாங்க?”

“இப்ப அழுக்குக்குத்தான் மவுசு. இந்தக் குளிருக்கும் அது ஷெட்டுல நின்னு, என் வண்டி வெளிய பனியில நின்னா, நான் ஃபுளோரிடாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹார்லன் நிஜமாகவே பயந்துவிட்டார்.

வீடு கூட்டும் இயந்திரத்தின் தூசிப் பையை வண்டிமேல் கவிழ்த்தார். மாவு மில்லுக்குப் போய்வந்த மணப்பெண் மாதிரி ஆனது. குரோமியத்தை இரும்பு நாரால் தேய்த்தார். அது முன்னைவிட மினுங்கியது. ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்தார்.

“ஹார்லன், நசுங்கினது புதுசுன்னு குழந்தைகூடச் சொல்லும்!”

“அப்ப கோழியை விடறேன்.”

களஞ்சியத்தின் ஓரமாகக் கோழிகள் அடைந்தது அவர் மாமனாரின் பழைய பேக்கார்ட் காரில். வாங்குகிறவர்கள் இரண்டு கதவு வண்டியையே தேடியதால், நாலு கதவு வண்டியான அதை எவனும் சீந்தாமல் கோழிக்கூடாகிப் போனது. கோழிகளைப் பிடித்துக் கேடிலாக்கில் அடைத்தார். அவை இருக்கையைக் கிழித்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பேக்கார்டுக்கே திரும்பின. எத்தனை முறை விரட்டினாலும் அதே கதைதான்.

ஹார்லன் காயலான் கடை வர்ஜிலைக் கூப்பிட்டார். “இந்தப் பேக்கார்ட் சனியனை இழுத்துட்டுப் போய்யா!”

சாயங்காலமே வர்ஜில் போன் செய்தான். “அமுக்கித் தகடாக்கிட்டேன். தொல்லை விட்டுச்சு.”

போக்கிடம் இல்லாத கோழிகள் கேடிலாக்கில் குடியேறின.

சனிக்கிழமை வின்ஸ்லோ வந்தார். ஸ்டியரிங்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவதுபோல.

“இவ்வளவு அழகான வண்டியை எந்தப் படுபாவி இப்படிப் பண்ணினான்?”

“கை படாததுங்க!” என்றார் ஹார்லன். “கோழி மட்டும்தான் பட்டுது.”

லோரீன் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து வாசலில் வைத்தாள்.

“சரி, இது கிடக்கட்டும்,” என்றார் வின்ஸ்லோ, களஞ்சியத்துப் பக்கம் எட்டிப் பார்த்தபடி. “படத்துல இதுக்குப் பின்னால, கோழிங்க ஏறி உக்காந்திருந்துச்சே ஒரு பேக்கார்ட், நான் வந்ததே அதுக்குத்தான். அதை எங்க வச்சிருக்கீங்க?”